ஆவிலா வீட்டில் இருந்ததாகச் சொன்ன சுவடி: சோஹர் நூலின் மெய்மையும் அதிகாரமும்

1305ஆம் ஆண்டு ஸ்பெயினின் வய்யாதோலித் நகரில் இரண்டு யூத அறிஞர்கள் சந்தித்தார்கள். ஒருவர் புனித நாட்டின் ஆக்கோ நகரைச் சேர்ந்த ரப்பி ஈசாக்கு. 1291இல் மம்லூக்குப் படை ஆக்கோவைப் பிடித்தபின் மேற்கு நோக்கி வந்தவர். மற்றவர் ரப்பி மோசே தெ லெயோன். குவாதலஹாராவில் நெடுங்காலம் இருந்துவிட்டு ஆவிலாவில் குடியேறியவர். அவர் கையிலிருந்து சில ஆண்டுகளாக ஒரு நூல், தாள்கட்டு தாள்கட்டாக, வெளியே போய்க்கொண்டிருந்தது. அதுதான் சோஹர். இரண்டாம் நூற்றாண்டுக் கலிலேயாவில் வாழ்ந்த ரப்பி ஷிமோன் பார் யோஹாயும் அவருடைய தோழர்களும் யூத வேதத்தின் முதல் ஐந்து நூல்களான தோராவின் மறைபொருளைப் பேசிய பேச்சு என்று அது தன்னைச் சொல்லிக்கொண்டது. மொழி அரமேயம். ரோமருக்கு அஞ்சி மகனோடு பதின்மூன்று ஆண்டுகள் குகையில் மறைந்திருந்ததாக யூதச் சட்ட விவாதத் தொகுப்பான தால்முத் சொல்லும் அதே ஷிமோன்.

அந்த மண்ணிலிருந்தே வந்த ஈசாக்கு, நூல் ஸ்பெயினின் காஸ்டில் அரசுக்கு வந்த வழியை விசாரிக்கத் தொடங்கினார். கிடைத்த பதில்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. 13ஆம் நூற்றாண்டுப் பேரறிஞர் நஹ்மானிதீஸ் புனித நாட்டிலிருந்து கட்டலோனியாவில் இருந்த மகனுக்கு அனுப்பியது, காற்று திசைமாற்றிக் கொண்டுபோய் மோசேயின் கையில் சேர்த்தது என்றார்கள் சிலர். ஷிமோன் எழுதவே இல்லை, எழுதவைக்கும் மந்திரப் பெயர் ஒன்றின் வலிமையால் மோசேயே எழுதினார் என்றார்கள் வேறு சிலர். ஈசாக்கு நேராக மோசேயிடமே கேட்டார். ஷிமோன் எழுதிய பழஞ்சுவடி ஆவிலாவில் என் வீட்டில் இன்றும் இருக்கிறது, அங்கே வாருங்கள், காட்டுகிறேன் என்று மோசே சத்தியம் செய்தார். வீடு திரும்பும் வழியில், அரேவலோ என்ற ஊரில் நோயுற்று இறந்துபோனார். சுவடியை ஈசாக்கு பார்க்கவில்லை.

எழுநூறு ஆண்டு வழக்கு இங்கே தொடங்குகிறது. இதில் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஆவிலா வீட்டில் பழஞ்சுவடி என்றொரு பொருள் இருந்ததா? சோஹரின் வாசகங்களை எழுதியது யார், எப்போது? அந்த வாசகங்கள் யூத வாழ்வில் யாரைக் கட்டுப்படுத்தும்? ஒன்றுக்குக் கிடைத்த சான்றை இன்னொன்றுக்குப் பதிலாக வைப்பதுதான் இந்த விவாதத்தில் திரும்பத் திரும்ப நடக்கும் பிழை.

சாட்சிகள்

ஈசாக்கு ஆவிலாவுக்குப் போனார். அங்கே தாவீது என்ற முதிய அறிஞர் ஒரு செய்தி சொன்னார். மோசே இறந்தபின் மனைவியும் மகளும் வறுமையில் விடப்பட்டார்கள். தாவீது ஊரின் பெரும் செல்வர் யோசேப்பிடம் போய், அந்த நூலைப் பெற இதுவே தருணம் என்று யோசனை கூறினார். யோசேப்பின் மனைவி விதவைக்குப் பரிசுகள் அனுப்பி, பின்னர் நேரில் கேட்டார்: உன் கணவர் படியெடுத்த மூலச்சுவடியைக் கொடு, உன் மகளை என் மகனுக்கு மணமுடிக்கிறேன், உனக்கு வாழ்நாள் முழுவதும் குறையிருக்காது. அப்படியொரு சுவடி எங்களிடம் இருந்ததே இல்லை, அவர் தம் தலையிலிருந்தும் நெஞ்சிலிருந்தும்தான் எழுதினார் என்று விதவை சத்தியம் செய்தார். ஏன் இன்னொருவர் பெயரில் எழுதினீர்கள் என்று தாமே கணவரிடம் கேட்டதையும் சொன்னார். என் பெயரில் எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், ஷிமோன் பார் யோஹாயின் நூல் என்றால் பெரும்பணம் கொடுத்து வாங்குவார்கள் என்பது அவர் தந்த பதிலாம். மகளைத் தனியே அழைத்துக் கேட்டபோதும் அதே விடை வந்தது.

சான்றாக இதை எடைபோடும்போது இரண்டைக் கவனிக்க வேண்டும். முதலாவது, இது செவிவழி. விதவை செல்வரின் மனைவியிடம் சொன்னது, அந்த வீட்டார் வழியே தாவீதுக்கும் அவர் வழியே ஈசாக்குக்கும் வந்தது. ஈசாக்கு விதவையைப் பார்த்துப் பேசியதாகக் குறிப்பில்லை. இரண்டாவது, சொன்னவரின் நலன் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது. சுவடி இருந்திருந்தால் அதை எடுத்துக்கொடுப்பதுதான் விதவைக்கு லாபம். இல்லை என்று சொன்னதால் மகளின் திருமணமும் தன் பிழைப்பும் கைநழுவும். தனக்கு நட்டம் வரும் என்று தெரிந்தும் ஒருவர் சொல்வதற்கு எந்த விசாரணையிலும் கூடுதல் எடை உண்டு. இருவரைத் தனித்தனியே கேட்டதும் முறையான செயல். என் கணிப்பில் முதல் கேள்விக்கு இதைவிட வலுவான சான்று இதுவரை வரவில்லை.

எதிர்ச்சான்றையும் ஈசாக்கு மறைக்கவில்லை. தோத்ரோஸின் மகன் யோசேப்பு ஹலேவி ஒரு சோதனை செய்திருந்தார். மோசே படியெடுத்துக் கொடுத்த தாள்கட்டுகளில் ஒன்றை ஒளித்துவைத்துக்கொண்டு, தொலைந்துவிட்டது, மறுபடி எழுதிக்கொடுங்கள் என்று கேட்டார். முந்தைய கட்டின் முடிவையும் அடுத்த கட்டின் தொடக்கத்தையும் காட்டச் சொன்ன மோசே, சில நாளில் புதுப்படி தந்தார். ஒளித்துவைத்ததோடு ஒப்பிட்டால் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. முன்னால் ஒரு மூலம் இல்லாமல் இது எப்படி முடியும் என்பது யோசேப்பின் வாதம். தொலேதோ அறிஞர்களிடம் ஈசாக்கு இதைச் சொன்னபோது அவர்கள் ஓட்டையைச் சரியாகக் கண்டுபிடித்தார்கள்: தாம் புனைந்ததை முதலில் தமக்கென ஒரு படி எழுதி வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தே எல்லோருக்கும் எழுதிக் கொடுத்திருக்கலாமே. சோதனை காட்டுவது, மோசேயிடம் ஏதோ ஓர் எழுத்துப்படி இருந்தது என்பதை மட்டுமே. அது ஆயிரம் ஆண்டுப் பழையதா, பத்து ஆண்டுப் பழையதா என்பதற்கு அதில் விடையில்லை. தாள், மை, எழுத்துவடிவம் ஆகியவற்றைப் பார்த்தால்தான் அது தெரியும். அதை யாரும் பார்க்கவில்லை.

ஈசாக்கின் குறிப்பு, மோசேயின் மாணவர் யாக்கோபு என்பவர் வானையும் பூமியையும் சாட்சிவைத்துச் சத்தியம் செய்யும் இடத்தில் அறுந்துபோகிறது. அவர் என்ன சொல்லி முடித்தார், ஈசாக்கு என்ன முடிவுக்கு வந்தார் என்பது மேற்கோளில் இல்லை. நமக்குக் கிடைத்திருப்பது ஈசாக்கின் மூலக்குறிப்பும் அல்ல. ஸ்பெயினிலிருந்தும் போர்ச்சுகலிலிருந்தும் வெளியேற நேர்ந்த வானியலாளர் ஆபிரகாம் சக்கூத்தோ, 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட ஆப்பிரிக்காவில் இருந்தபடி எழுதிய வரலாற்று நூலில் எடுத்துக்காட்டிய பகுதி அது. இருநூறு ஆண்டு இடைவெளியும் அறுந்த முடிவும் உள்ள சாட்சியம் இது. பழைய அச்சுப் பதிப்புகள் சிலவற்றில் இந்தப் பகுதியே கிடையாது. 1857இல் லண்டனில் வந்த பிலிபோவ்ஸ்கியின் பதிப்புக்குப் பின்தான் எளிதாகப் படிக்கக் கிடைத்தது.

நூல் தன்னைப் பற்றித் தானே சொல்வது

சாட்சிகள் இவ்வளவு மெலிந்திருக்கையில், நூலின் உள்ளே தேடுவதுதான் வழி. தேடல் முறையை வரிசையாகச் சொல்லிவிடலாம்: வேறு நூல்களில் முதல் மேற்கோள் எப்போது வருகிறது என்று பார்ப்பது, மொழியின் வயதைப் பார்ப்பது, ஆட்களின் பெயர்களையும் இடங்களையும் சரிபார்ப்பது, எந்த நூல்களைப் படித்தவர் இதை எழுத முடியும் என்று கண்டுபிடிப்பது.

முதல் மேற்கோள் 1281இல் வருகிறது. குவாதலஹாராவில் இருந்த ஈசாக்கு இப்ன் சஹூலா அந்த ஆண்டு எழுதிய உவமைக்கதை நூலில் சோஹரின் மித்ராஷ் ஹநெயெலாம் பகுதியின் வாசகம் தென்படுகிறது. மோசே வாழ்ந்த அதே ஊர். 1291இல் பஹ்யா பென் ஆஷேர் தம் தோரா உரையில் ஷிமோன் பார் யோஹாயின் மித்ராஷ் (வேத விளக்கம்) என்று பெயர் சொல்லியே எடுத்தாள்கிறார். அதற்கு முந்தைய ஆயிரம் ஆண்டில், பாபிலோனியக் கல்விக்கூடத் தலைவர்களான கெயோனிம்களின் ஆயிரக்கணக்கான விடைமடல்களில், இடைக்காலப் பேரறிஞர்களான ராஷியில், மைமானிதீஸில், நஹ்மானிதீஸில் சோஹர் என்ற நூலுக்குத் தடமே இல்லை. மறைவாகக் கைமாறி வந்தது என்று சொல்லலாம். ஆனால் மறைவு கலைந்தபோது அது ஏன் ஒரே ஊரில், ஒரே வட்டத்தில், ஒரு தலைமுறைக்குள் கலைந்தது என்பதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

மொழி இன்னும் தெளிவாகப் பேசுகிறது. சோஹரின் அரமேயம் எந்தக் காலத்திலும் எந்த ஊரிலும் மக்கள் பேசிய பேச்சு அல்ல. ஓங்கெலோஸின் தோரா மொழிபெயர்ப்பிலிருந்தும் பாபிலோனியத் தால்முதிலிருந்தும் கற்றுக்கொண்டு இரண்டையும் கலந்த மொழி. கலிலேயாவில் வாழ்ந்தவர்கள் பேசியதாகச் சொல்லும் நூலில் கலிலேய அரமேயத்தின் இயல்பு மிகக் குறைவு. படித்துக் கற்றவர் செய்யும் வகைப் பிழைகள் நிறைய. எபிரேயத்தில் கடன் கொடுப்பதற்கும் வழித்துணை போவதற்கும் ஒரே வேர். சோஹரை எழுதியவர், கடன் கொடுத்தலைக் குறிக்கும் அரமேயச் சொல்லை எடுத்து வழியனுப்பிவைத்தல் என்ற பொருளில் ஆள்கிறார். எபிரேயத்தில் சிந்தித்து அரமேயத்தில் எழுதினால்தான் இந்தப் பிழை வரும். தால்முதில் அரபியரைக் குறிக்கும் தய்யாஆ என்ற சொல் சோஹரில் யூதக் கழுதையோட்டியைக் குறிக்கிறது. ஸ்பானியச் சொற்களும் உண்டு. தொழுகைக்கூடத்துக்கு எஸ்னோகா என்ற ஐபீரியப் பெயரைச் சொல்லி, அதை ஒளிரும் தீ என்று எபிரேயப்படுத்தி விளக்கும் இடம் புகழ்பெற்றது.

ஆட்கள், இடங்கள். ஷிமோனின் மருமகன் என்று தால்முத் சொல்லும் பின்ஹாஸ் பென் யயீர் சோஹரில் மாமனார் ஆகிவிடுகிறார். சின்ன ஆசியாவின் கப்பதோக்கியா, கலிலேயாவில் செப்போரிசுக்கு அருகிலுள்ள சிற்றூராக வருகிறது. செப்போரிசில் வாழ்ந்த கப்பதோக்கியர்கள் என்ற எருசலேம் தால்முத் குறிப்பைத் தவறாகப் புரிந்துகொண்டதால் வந்த பிழை இது. அந்த நாட்டை நேரில் அறிந்தவர் எழுதியிருக்க முடியாது. ஷிமோனுக்குப் பல தலைமுறை பிந்திய பாபிலோனிய அறிஞர் பெயர்கள் அவருடைய தோழர் கூட்டத்தில் புழங்குகின்றன. இரண்டாம் தொகுதியின் 32ஆம் தாளில், இஸ்மவேலின் மக்கள் வெறுமையாய்க் கிடக்கும் புனித நாட்டை ஆள்வதும், ஏதோமின் மக்கள் அவர்களுக்கு எதிராகத் திரள்வதும் வருகின்றன. யூத வழக்கில் இஸ்மவேல் இஸ்லாமிய உலகம், ஏதோம் கிறித்தவ உலகம். சிலுவைப் போர்களைப் பார்த்த தலைமுறையின் குரல் அது.

உயிரெழுத்துக் குறிகளும் இசைக்குறிகளும் சோஹரில் பெயரோடு வருகின்றன. அந்த முறை திபேரியாவில் உருப்பெற்றது தால்முத் முடிந்த பின்னர்தான். 1538இல் வெனிசில் எலியா லெவித்தா இதை நிறுவி எழுதியபோது வந்த எதிர்வாதம் இன்றும் பாடமாகப் படிக்கத் தக்கது. சோஹரில் குறிகள் இருக்கின்றன, சோஹர் பழையது, ஆகவே குறிகளும் பழையவை என்றார்கள். எதை நிறுவ வேண்டுமோ அதையே ஆதாரமாக வைக்கும் வட்டம் இது.

கருத்துகளின் வயதும் இதோடு சேரும். எல்லையற்றதைக் குறிக்கும் ஏன் சோஃப் என்ற கலைச்சொல், பத்து செஃபிரோத் என்னும் இறைவெளிப்பாட்டு அடுக்குகளின் அமைப்பு ஆகியவை 12, 13ஆம் நூற்றாண்டுகளில் தென் பிரான்சின் புரோவன்ஸ், கட்டலோனியாவின் கெரோனா வட்டங்களில் வளர்ந்த வடிவத்திலேயே சோஹரில் இருக்கின்றன. இவற்றுக்கு முந்தைய ஏதோ ஒரு விதை இருந்திருக்கலாம். ஆனால் விதை பழையது என்பதால் மரத்தின் வயது கூடிவிடாது.

கேள்வி கேட்டவர்களும் அவர்களுக்குக் கேள்வி எழுந்த காரணமும்

சோஹரை ஐயுற்றவர்களெல்லாம் நம்பிக்கையற்றவர்கள் என்பது பரவலான தவறான எண்ணம். கிரேத் தீவின் எலியா தெல்மெதிகோ 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூன்று வாதங்கள் வைத்தார். ஷிமோன் எழுதியிருந்தால் தால்முத் அதைக் குறிப்பிட்டிருக்கும். அவருக்குப் பிந்திய அறிஞர்கள் அதில் வருகிறார்கள். கபாலா என்னும் யூத மறைஞானத்தின் தந்தை அவரே என்றால் சட்டத் தகராறுகளில் அவர் கருத்தே எப்போதும் வென்றிருக்க வேண்டும், அப்படி இல்லை. மூன்றாவது வாதம் தேதியைப் பற்றியது அல்ல, அதிகாரத்தைப் பற்றியது. இரண்டையும் அவர் ஒரே மூச்சில் சொன்னதால் பின்வந்தவர்களும் கலந்தே பேசினார்கள். வெனிசின் லெயோன் மோதேனா 1639இல் எழுதிய மறுப்பு நூல் 1840இல்தான் லைப்சிக்கில் அச்சேறியது. இருநூறு ஆண்டுகள் கைப்படியாகவே அது உலவியது.

ஜெர்மானிய ரப்பி யாக்கோபு எம்டெனின் நூல் எல்லாவற்றையும்விட முக்கியமானது. 1768இல், அல்தோனாவில் வெளியிட்டார். எம்டென் மறைஞானத்தை முழுமனதோடு நம்பியவர். அவரைத் தூண்டியது வேறு நெருக்கடி. 1666இல் இஸ்லாமுக்கு மாறிய போலி மெசியா ஷப்தாய் ட்ஸ்வியின் மறைவு அடியார்கள் சோஹரைக் காட்டியே தங்களை நியாயப்படுத்தினார்கள். 1757இல் கமெனெத்ஸ் நகரில், ஷப்தாய் வழிவந்த யாக்கோபு ஃபிராங்கின் ஆட்கள் கத்தோலிக்க ஆயர் முன்னிலையில், தால்முதை மறுத்து சோஹரை ஏற்பவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டு வாதிட்டார்கள். முடிவில் தால்முத் படிகள் எரிக்கப்பட்டன. இதைக் கண்ட தலைமுறைக்கு சோஹரின் எந்த வரி யாருடையது என்பது சுவடி ஆய்வாளர் பொழுதுபோக்கு அல்ல. எம்டென் வரிவரியாகப் போனார். காலமுரண்களை நூற்றுக்கணக்கில் பட்டியலிட்டார். நூலை அடுக்குகளாகப் பிரித்து, பழமையான புனித மையம் ஒன்று உண்டு, மித்ராஷ் ஹநெயெலாம் போன்றவை பிற்கால ஒட்டுகள் என்றார். முடிவை ஏற்காதவர்களும் அவருடைய பட்டியலை இன்றுவரை பயன்படுத்துகிறார்கள்.

ஒருவரா, குழுவா

1925இல் எருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் மறைஞான ஆய்வாளர் கெர்ஷோம் ஷோலெம் ஆற்றிய தொடக்க உரையே, சோஹரை மோசே தெ லெயோன் எழுதினாரா என்ற கேள்விதான். அப்போது அவர் மோசேயே எழுதினார் என்ற வாதங்களை ஐயத்தோடு பார்த்தார். மூலம் பழையதாக இருக்கக்கூடும் என்ற வாயிலைத் திறந்தே வைத்தார். அடுத்த பத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் மொழியையும் மூலங்களையும் தோண்டியபின் நிலையை மாற்றிக்கொண்டார். 1938இல் நியூயார்க்கில் ஆற்றி 1941இல் நூலாக வந்த உரைகளில், மையப் பகுதி முழுவதும் மோசேயின் ஆக்கம் என்று முடிவுகட்டினார். மித்ராஷ் ஹநெயெலாம் முதலில், 1275க்கும் 1280க்கும் இடையே. பெரும்பகுதி 1286 வரை. ராயா மெஹெய்ம்னா, திக்குனீம் என்ற பகுதிகள் சற்றுப் பின்னர் வேறொருவர் எழுதியவை. 1264இல் மோசேக்காகப் படியெடுத்த மைமானிதீஸின் தத்துவ நூற்சுவடி ஒன்று தப்பியிருப்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். தத்துவத்தில் தொடங்கி மறைஞானத்துக்கு நகர்ந்த ஒருவரின் பாதை அது. மோசே தம் பெயரிலேயே எழுதிய எபிரேய நூல்கள், 1287இன் செஃபேர் ஹரிம்மோன் முதலானவை, சோஹரோடு பத்தி பத்தியாக ஒத்துப்போவதை 1851இலேயே ஆய்வாளர் யெல்லினெக் காட்டியிருந்தார்.

ஷோலெமின் தீர்ப்பும் இறுதியாகவில்லை. 1980களின் இறுதியில் யெஹுதா லீபெஸ் வேறொரு படத்தை முன்வைத்தார். நூலின் பகுதிகளுக்குள் நடையும் கோட்பாடும் மாறுகின்றன, ஒரே கதை பல வடிவங்களில் வருகிறது. ஆகவே காஸ்டிலில் ஒரு தோழர் வட்டமே கூடி எழுதியிருக்கலாம், மோசே அதன் நடுவில் இருந்தவர், யோசேப்பு கிகதில்லா போன்றவர்களும் அதில் சேர்வார்கள் என்றார். இத்ரா ரப்பா பகுதியில் ஷிமோனோடு சேர்த்துப் பத்துப் பேர் கூடி மறைபொருள் பேசுவதும், அதில் மூவர் உயிர்நீப்பதும் அந்த வட்டத்தின் நிழலாகவே அவருக்குத் தெரிந்தன. ரோனித் மெரோஸ் அடுக்குகளை இன்னும் நுணுக்கமாகப் பிரித்தார். டேனியல் ஏப்ராம்ஸ் கேள்வியையே திருப்பினார். அச்சுக்கு முன் முழு சோஹரும் அடங்கிய ஒரே சுவடி கிடையாது. சோஹர் என்ற புத்தகத்தை உருவாக்கியது 16ஆம் நூற்றாண்டு அச்சகம்தான் என்றார்.

கைக்குக் கிடைக்கும் நூலைப் பார்த்தால் அவர் சொல்வது புரியும். 1558க்கும் 1560க்கும் இடையே மாந்துவாவில் மூன்று தொகுதிகளாகவும், அதே வேளையில் கிரெமோனாவில் ஒரே பெருந்தொகுதியாகவும் சோஹர் அச்சானது. மாந்துவாப் பதிப்பாளர்கள் பத்துச் சுவடிகளையும் கிரெமோனாவினர் ஆறு சுவடிகளையும் வைத்துக்கொண்டார்கள். பகுதிகளை அடுக்கிய வரிசையில் இரண்டும் வேறுபடுகின்றன. 1553இல் ரோமில் தால்முத் எரிக்கப்பட்ட சூட்டிலேயே இந்த அச்சு நடந்தது. மறைபொருளை அச்சில் கொட்டலாமா என்று ரப்பிகளுக்குள் கடுமையான தகராறு. ஈசாக்கு தெ லாத்தெஸ் அனுமதித்து எழுதிய தீர்ப்போடுதான் மாந்துவாப் பதிப்பு வந்தது. இன்றும் மேற்கோள் காட்டுவது அந்தப் பதிப்பின் தொகுதி, தாள், பக்க எண்ணை வைத்துத்தான். இவற்றில் விடுபட்ட பகுதிகள் 1597இல் சலோனிகாவில் சோஹர் ஹதாஷ் என்று தனியாக வந்தன. டேனியல் மாட் தொடங்கி 2017இல் பன்னிரண்டு தொகுதிகளாக நிறைவுற்ற ஆங்கில மொழிபெயர்ப்புக்கு, அவர் அச்சுப் பாடத்தை அப்படியே எடுக்காமல் சுவடிகளை ஒப்பிட்டு அரமேயப் பாடத்தைத் திருத்தி அமைக்க வேண்டியிருந்தது.

வாதங்கள் தவறும் இடங்கள்

எஸ்னோகா என்ற ஒரு சொல்லை வைத்தே முழு நூலையும் தள்ளுபவர்கள் அடுக்குகளை மறக்கிறார்கள். அந்த வாசகம் ராயா மெஹெய்ம்னா என்ற பிந்திய அடுக்கில் வருகிறது. மையப் பகுதியின் வயதுக்கு அங்கிருந்தே சான்று வேண்டும். கிடைக்கவும் செய்கிறது, மேலே சொன்ன கழுதையோட்டியும் கப்பதோக்கியாவும் அதற்கே. மறுபக்கத்தில், சோஹரின் ஒரு கருத்து பழைய மித்ராஷ் ஒன்றில் இருப்பதைக் காட்டி நூலே பழையது என்பவர்கள், 13ஆம் நூற்றாண்டு அறிஞரும் அந்த மித்ராஷைப் படித்திருப்பார் என்பதை விட்டுவிடுகிறார்கள்.

மோசடி என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முன்னோர் வாயில் தம் சொல்லை வைத்து எழுதுவது இடைக்காலத்தில் புதிதல்ல. ஷிமோனின் குரலில் எழுதியவர் தம்மையே அந்தக் குரலாக உணர்ந்திருக்கலாம் என்று இன்றைய ஆய்வாளர் பலர் பரிவோடு எழுதுகிறார்கள். நூலைப் படித்தால் அது நம்பத்தகுந்ததாகவே இருக்கிறது. இவ்வளவு உயிருள்ள எழுத்து வெறும் பணத்துக்காக வராது. ஆனால் வய்யாதோலித் சத்தியத்தை இந்தப் பரிவு மூடிவிடக் கூடாது. இலக்கிய மரபுக்குச் சத்தியம் தேவையில்லை. பழஞ்சுவடி என் வீட்டில் இருக்கிறது என்பது ஒரு பொருளைப் பற்றிய உரிமைகோரல். விதவை சொன்னது மெய்யென்றால் அது பொய்ச்சத்தியம். ஒரே மனிதர் பெரும் படைப்பாளியாகவும் தம் படைப்பின் பிறப்பைப் பற்றி மெய் சொல்லாதவராகவும் இருந்திருக்கலாம். ஒன்றை மறுத்துத்தான் மற்றொன்றை ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அதிகாரம் வேறு வழியில் வந்தது

யேமனில் இந்த வழக்கு ஒரு சமூகத்தையே பிளந்தது. சன்ஆவின் ரப்பி யஹ்யா காஃபிஹ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோர் தெஆ இயக்கத்தை நடத்தி, 1931இல் எருசலேமில் அச்சான நூலில் சோஹரைக் கடுமையாக எதிர்த்தார். அவருக்குத் தேதி இரண்டாம்பட்சம். இறைவனுக்குள் முகங்களும் ஆண், பெண் கூறுகளும் உண்டு என்ற போதனை ஓரிறைக் கொள்கைக்கு விரோதம், அதை ஷிமோன் மேல் ஏற்றுவது ஷிமோனுக்கே இழுக்கு என்பது அவர் நிலை. எதிரணிக்குத் தலைமை தாங்கியவர் யஹ்யா ஈசாக்கு ஹலேவி. ஒரே ஊர் மக்கள் வெவ்வேறு தொழுகைக்கூடங்களுக்குப் பிரிந்தார்கள். காஃபிஹின் பேரன் யோசேப்பு காஃபிஹ் பின்னாளில் மைமானிதீஸ் நூல்களின் பதிப்பாளராக இஸ்ரேல் விருது பெற்றார்.

மற்ற இடங்களில் சோஹர் கட்டளை நூலாக நுழையாமல் வழக்கமாக நுழைந்தது. தோராச் சுருளைப் பேழையிலிருந்து எடுக்கும்போது சொல்லும் பெரிஃ ஷ்மே என்ற வேண்டுதல் சோஹரின் இரண்டாம் தொகுதி 206ஆம் தாளில் உள்ளது. 16ஆம் நூற்றாண்டுக்குப் பின் பரவி, இன்று பெரும்பாலான வழிபாட்டு நூல்களில் அச்சாகிறது. ஷிமோன் எழுதவில்லை என்று உறுதியாகக் கருதும் பேராசிரியரும் சனிக்கிழமை காலையில் அதைச் சொல்கிறார்.

சட்டத்தோடு மோதும்போதுதான் அதிகாரத்தின் எல்லை தெரியும். அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு தெஃபில்லின். தோரா வாசகங்கள் எழுதிய தோல்சுருள்களை உள்ளே வைத்த இரண்டு கருந்தோல் பேழைகள் அவை. வாரநாள் காலைத் தொழுகையில் கையிலும் தலையிலும் கட்டுவார்கள், ஓய்வுநாளிலும் திருநாளிலும் கட்டுவதில்லை. ஒரு வாரம் நீளும் பாஸ்கா, கூடாரப் பெருவிழா ஆகியவற்றின் நடுநாட்களில் கட்டலாமா? தால்முதில் நேரான விடை இல்லை. தொலேதோவின் ஆஷேர் பென் யெஹியேல் அந்நாட்களிலும் ஆசியுரை சொல்லிக் கட்டினார் என்று அவர் மகனே பதிந்திருக்கிறார். பின்னர் ஸ்பானிய மரபினர் ஷிமோனின் மித்ராஷ் ஒன்றில் கடும் தடையைக் கண்டார்கள், கட்டுவதை நிறுத்தினார்கள். பெய்த் யோசேஃப் உரையில் 16ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் யோசேப்பு காரோ இந்த மாற்றத்தை வெளிப்படையாகவே எழுதுகிறார். தால்முதில் தெளிவாக இல்லாத இடத்தில் ஷிமோன் இவ்வளவு கடுமையாகத் தடுத்ததைத் தெரிந்தே மீற யாருக்குத் துணிவு வரும் என்பது அவர் காரணம். தால்முதில் தெளிவு இல்லாத இடம் என்ற நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். தெளிவு இருக்கும் இடத்தில் காரோவும் சோஹருக்காகத் தால்முதை விடுவதில்லை.

போலந்தின் மோசே இஸ்ஸெர்லெஸ் தம் நாட்டு வழக்கப்படி நடுநாட்களில் கட்டவே சொன்னார். ஆசியுரையை மட்டும் தொழுகைக்கூடத்தில் உரக்கச் சொல்ல வேண்டாம் என்றார். லுப்ளின் சாலமோன் லூரியா வேறொரு தெஃபில்லின் கேள்வியில் இன்னும் கண்டிப்பு: முன்னோர் வழக்கத்தை மாற்றச் சொல்லி ஷிமோனே எதிரில் நின்று கூவினாலும் கேட்க மாட்டோம் என்று எழுதினார். அவர் நூலின் மெய்மையை மறுக்கவில்லை. மெய்யென்றே வைத்துக்கொண்டாலும் சட்டம் அவ்வழியில் தீர்மானமாவதில்லை என்கிறார். 17ஆம் நூற்றாண்டில் மாகென் அவ்ராஹாம் உரை இதை முறைப்படுத்தியது: தால்முதும் சட்டநூல்களும் சோஹரோடு முரண்பட்டால் முன்னவையே செல்லும், சோஹர் கூடுதல் கண்டிப்புக் காட்டினால் அதையும் கைக்கொள்வது நல்லது, தால்முதில் பேச்சே இல்லாத ஒன்றைச் சோஹர் சொன்னால் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது.

காரோவின் கைக்கு அந்தத் தடை வந்தபோது சோஹர் அச்சிலேயே இல்லை. அவருடைய உரையின் அந்தத் தொகுதி 1550இல் வெனிசில் வெளிவந்தது, மாந்துவாவுக்கும் கிரெமோனாவுக்கும் எட்டு ஆண்டுகள் முன்னால். நடுநாள் வாசகம் அந்த இரண்டு பதிப்புகளிலும் சேரவில்லை, சோஹர் ஹதாஷின் உன்னதப்பாட்டு விளக்கத்தில்தான் பின்னர் அச்சேறியது. கைப்படியாக உலவிய ஒரு தாள் போதுமானதாக இருந்தது. இன்று இஸ்ரேலில் நடுநாட்களில் பெரும்பாலும் யாரும் தெஃபில்லின் கட்டுவதில்லை. அங்கே ஜெர்மானிய, கிழக்கு ஐரோப்பிய மரபினரான அஷ்கெனாசிகளும் 18ஆம் நூற்றாண்டு லித்துவேனிய அறிஞர் வில்னா கவோனின் தீர்ப்பைப் பின்பற்றி விட்டுவிட்டார்கள். இஸ்ரேலுக்கு வெளியே உள்ள அஷ்கெனாசித் தொழுகைக்கூடங்கள் சிலவற்றில், அந்நாட்களின் காலைத் தொழுகையில் கட்டியவர்களும் கட்டாதவர்களும் ஒரே கூட்டத்தில் நிற்கிறார்கள்.